சின்னவனே, வந்துச்சாடா?

நீங்கள் நம்புவீர்களோ மாட்டீர்களோ, முதலில் நான் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் புளியமரத்தில் பேய் இருக்கிறது என்று சொன்னவனிடம், அப்படியென்றால் அதை என் மோட்டார் கொட்டகைக்குக் காவலுக்கு வரச் சொல்லு, ஒயராவது திருடு போகாமல் இருக்கும் என்று சொன்னவன் நான். மந்திரிக்கிறவர், தாயத்துக் கட்டுகிறவர் யாரையும் இன்றைக்கும் வீட்டுப் படி ஏற விடுவதில்லை. அதனால் இதைக் கேட்டு யாராவது சிரித்தால் எனக்குக் கோபம் வராது, நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கரும்புக் கொல்லை இருக்கிறது. அப்பா போன பிறகு அண்ணனும் நானும்தான் பாடுபட்டோம், அண்ணனுக்குக் கல்யாணம் கூடிவரவே இல்லை. தண்ணீர் பாய்ச்சும்போது அவர் மோட்டார் கொட்டகையில் இருப்பார், நான் கொல்லையின் கடைசியில் நிற்பேன். கரும்பு ஆளுயரம் தாண்டிவிட்டால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, போனை எடுத்துக்கொண்டு போனால் சேற்றில் விழும், ஆகவே எல்லாம் குரல்தான். "சின்னவனே, வந்துச்சாடா?" என்று கேட்பார். தண்ணீர் வராத வரை நான் வாயைத் திறக்கக் கூடாது, வந்த பிறகு "வந்துடுச்சு" என்று கத்த வேண்டும். உடனே அவர், "சரி, நிறுத்திட்டன். வா, சோறு ஆறுது" என்பார். சோறே கொண்டுவராத நாளிலும் அதையேதான் சொல்வார், வாய்க்குப் பழகிப்போன பேச்சு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் அப்படித்தான் கேட்டார். தண்ணீர் இன்னும் வரவில்லை, நான் பேசாமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் வந்தது, கத்தினேன், பதில் இல்லை, மறுபடியும் கத்தினேன், மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் கொட்டகை வாசலில் சாய்ந்து கிடந்தார். மாரடைப்பு என்றார்கள். யார் மேலும் தப்பில்லை. ஆனால் நான் சொன்ன பதில் அவர் காதில் விழுந்ததா இல்லையா என்பது மட்டும் எனக்குத் தெரியவே இல்லை. இது ஒரு விஷயமா என்று நீங்கள் கேட்கலாம், எனக்கு அது பெரிய விஷயம்தான். அதற்குப் பிறகு என்னால் கொல்லையின் கடைசியில் போய் நிற்க முடியவில்லை. கூலிக்கு ஆள் வைத்துப் பார்த்தேன், பாதிக் கரும்பு காய்ந்துபோனது. கடைசியில் குத்தகைக்கு விட்டுவிடுவது என்று முடிவு பண்ணி, திங்கட்கிழமை வந்து பேசுங்கள் என்று ஒருவரிடம் சொல்லியும் விட்டேன்.

என் மனைவி செல்வி களமருதூர்ப் பெண். போன தையில்தான் கல்யாணம், அண்ணனை அவள் போட்டோவில் பார்த்ததோடு சரி. அவள்தான் ஆரம்பித்தாள். "ரெண்டு நாளு எங்கியாவது போய்க்கினு வரலாங்க. நீங்க மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு வூட்டுலயே குந்தினு இருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும்" என்றாள். அவள் கடலையே பார்த்ததில்லை. புதுச்சேரி என்றால் ஒரே கூட்டம் என்று பரங்கிப்பேட்டைக்குப் போனோம். பழைய துறைமுக ஊர், யாருக்கும் எந்த அவசரமும் இல்லை, பகலில் கடைக்காரர்களே பாதித் தூக்கத்தில் இருந்தார்கள். அல்வா வாங்கித் தின்றோம், மீன் குழம்பு சாப்பிட்டோம், செல்வி அலையில் காலை நனைத்துவிட்டு வெளியே வரவே மாட்டேன் என்றாள். உண்மையைச் சொன்னால் எனக்கும் மனசு லேசாகத்தான் இருந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் முகத்துவாரத்துப் பக்கம் போனோம், ஆறு கடலில் சேருகிற இடம். ஒரு பெரியவர் படகு நிழலில் வலை தைத்துக்கொண்டிருந்தார்.

"எந்த ஊருங்க?" என்று கேட்டார்.

"கச்சிராயபாளையம். கோமுகி டேம் பக்கத்துல."

"அப்ப இது உங்க ஊருத் தண்ணியும்தாங்க. கோமுகி மணிமுத்தாறுல சேருது, மணிமுத்தாறு வெள்ளாறுல சேருது, வெள்ளாறு இங்க வந்து முடியுது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, எங்கே போனாலும் கொல்லையின் கடைசியிலேயே கொண்டுவந்து நிறுத்துகிறார்களே என்று. செல்வி கொஞ்சம் தள்ளிச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஈர மணல் ஓரத்தில் நின்று அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஆள் இல்லை, மேற்கே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கேட்டது. "சின்னவனே, வந்துச்சாடா?"

காற்று என்று சொல்லுங்கள், பிரமை என்று சொல்லுங்கள், நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன். ஆனால் பயமே வரவில்லை, அதுதான் ஆச்சரியம். பழக்க தோஷத்தில் குனிந்து காலைப் பார்த்தேன். தண்ணீர் இன்னும் என்னிடம் வரவில்லை, ஆகவே பேசாமல் நின்றேன். கடல் ஏறுகிற நேரம், தண்ணீர் மணலில் மெதுவாக ஊர்ந்து வந்து என் கால் விரலைத் தொட்டது. என்னை மீறி "வந்துடுச்சு" என்று கத்திவிட்டேன். கத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், ஒரு சத்தமும் இல்லை. பெரியவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு வலைக்குத் திரும்பிவிட்டார். எனக்கு அழுகை வந்தது, செல்வி பார்க்காமல் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

மறுநாள் ஊருக்குத் திரும்பும்போது சேத்தியாத்தோப்பு தாண்டியதும் செல்வி சாதாரணமாகக் கேட்டாள். "ஏங்க, நேத்து ஆத்துக்கு அந்தாண்டயிருந்து யாரோ சோறு ஆறுதுன்னு கூப்புட்டாரே, அந்த வலைக்காரரயா கூப்புட்டாரு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னா சொன்னாரு? அப்படியே சொல்லு."

"சரி, நிறுத்திட்டன், வா, சோறு ஆறுதுன்னாரு. நீங்க வந்துடுச்சுன்னு கத்தினீங்களே, அதுக்கு அப்பறம்."

"அதுக்கு முன்னாடி ஒண்ணும் கேக்கலயா?"

"இல்லீங்க. நீங்க எதுக்குக் கத்தினீங்கன்னே எனக்குத் தெரியல."

அந்தப் பேச்சை நான் அவளிடம் சொன்னதே இல்லை. தூக்கத்தில் உளறியிருப்பேனோ என்றுகூடக் கேட்டேன், இல்லவே இல்லை என்றாள். கேள்வி என் காதில் விழுந்தது, பதில் அவள் காதில் விழுந்திருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம் என்று யாரிடம் போய்க் கேட்பது?

திங்கட்கிழமை வந்தவரிடம் குத்தகைக்கு விடவில்லை என்று சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பினேன். இப்போது செல்வி மோட்டார் கொட்டகையில் நிற்கிறாள், நான் கொல்லையின் கடைசியில். நான் "வந்துடுச்சு" என்றால், "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மோட்டாரை நிறுத்துவாள், அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். மோட்டார் நின்ற பிறகும் நான் உடனே கிளம்புவதில்லை. இரண்டு வருஷம் அந்தப் பதிலுக்காகக் காத்திருந்தவன் நான், அது ஏன் என் காதில் மட்டும் விழவில்லை என்று தெரியவில்லை. வாய்க்காலில் மிச்சமிருக்கிற தண்ணீர் காலில் ஏறும் வரை கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறேன்.