எட்டு மாதக் காலண்டர்

டொராண்டோவில் யாராவது இருமினால், முகத்தைத் திருப்பிக்கொண்டு ‘சாரி’ என்கிறார்கள். நம் தாம்பரம் பஸ்ஸில் இருமிப் பாருங்கள். மன்னிப்பாவது ஒன்றாவது, நாலு பேர் கஷாயத்துக்குப் பக்குவம் சொல்வார்கள். எனக்குப் பக்குவம் சொன்னவன் ஒருத்தனே போதும்!

எண்பதுகளின் கடைசி. திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருந்தேன். டிபி வந்து, மூன்று மாதம் மாத்திரை தின்றதில் இருமல் நின்றது, எடையும் ஏறியது. சிறுநீர் மட்டும் சிவப்பாகப் போனது. அது மருந்தின் நிறம்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். என் மண்டையில் ஏறவில்லை. கூட வேலை பார்த்த மணி, “இன்னா மச்சான், ஒடம்பு கொதிச்சுகினு கீது. மாத்திரைய தூக்கிப் போடு, எளநி குடி” என்றான். போட்டேன், குடித்தேன். அடுத்த வருஷமே கர்ச்சீப்பில் ரத்தம்.

திரும்பி வந்த நோய்க்கு வைத்தியமும் கடுமை: இரண்டு மாதம் தினமும் ஊசி, மாத்திரை மொத்தம் எட்டு மாதம். “இந்தத் தடவ நிறுத்தினீங்கன்னா அப்புறம் மருந்தே கேக்காதாம். பொண்ணுக்கு நாலு வயசுதாங்க ஆகுது” என்று அழுதாள் என் மனைவி வசந்தா. மறுநாளிலிருந்து பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று, “செவப்பா?” என்று கேட்க ஆரம்பித்தாள். சிவப்பு என்றால் மாத்திரை உள்ளே போயிருக்கிறது. உடனே காலண்டரில் ‘செ’ என்று எழுதுவாள். சேலையூரில் எங்கள் வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கும். மானம் போகிறதே என்று கத்தினேன். “மானம் போனா போகட்டும், நீங்க இருங்க” என்றாள். ஒரு நாள்கூட விடவில்லை. கடைசி மாத்திரையன்று கேசரி கிண்டி எல்லா வீட்டுக்கும் கொடுத்தாள். என்ன விசேஷம் என்று ஒருவரும் கேட்கவில்லை, தெரியாதவர்கள் யார்!

போன மாதம் இங்கே முதியோர் இல்லச் சமையலறையில் வேலை கிடைத்தது. ஆனால் டிபி இல்லை என்று நுரையீரல் கிளினிக்கின் கடிதம் வேண்டுமாம். கடிதம் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் வசந்தாவையும், இப்போது பத்து வயதாகும் மகளையும் வரவழைக்க முடியாது. எக்ஸ்ரேயில் தழும்பைப் பார்த்த நர்ஸ் அம்மா, “ஐயாம் சாரி” என்றார். எனக்குச் சுருக்கென்றது. “நோ சாரி! ஐ ஃபினிஷ்ட்!” என்று, வசந்தா பெட்டியில் வைத்து அனுப்பிய எட்டுக் காலண்டர் தாள்களையும் ஆஸ்பத்திரிச் சீட்டோடு மேஜையில் பரப்பினேன். கட்டத்துக்குக் கட்டம் ‘செ’. மனைவி, காலை, பாத்ரூம் கதவு என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவள் என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாள் என்று நினைத்து அந்த அம்மா பதறிப்போனார்! விஷயம் புரிந்ததும் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். “உங்கள் மனைவிக்கு இங்கேயே வேலை கொடுக்கலாம்” என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. சளிப் பரிசோதனையும் சுத்தம். நேற்று கடிதம் வந்தது.

இங்கே குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டுகிறது, குறையே இல்லை. ஆனாலும் தினமும் காலையில் பாத்ரூம் கதவைத் திறந்ததும் ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறேன். பதில் சொல்கிறவன் இங்கே இருக்கிறேன். கேள்வி கேட்கிறவள் இன்னும் சேலையூரில் இருக்கிறாள்.