கள்ளில்லாத பாண்

நான் சுடும் பாணுக்குத் தீர்ப்புச் சொல்ல எங்கள் ஒழுங்கையில் ஒருவர்தான் இருந்தார். அவரோ அதை ஒருநாளும் வாயில் வைத்ததில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் முஸ்லிம் வீட்டு நானாவைத்தான் சொல்கிறேன். கட்டாரில் பெரிய ஹோட்டல் ஒன்றின் குசினியில் பல வருடம் பாண் சுட்டவர். இப்போது மன்னார் பட்டினத்தில் மீன்வலை விற்கிறார். கடையில் பாணுக்கு வரிசையில் நின்று அலுத்துப்போன காலத்தில் நான் பின்வளவில் கல்லும் களிமண்ணுமாய் ஒரு சின்னப் போறணை அடுப்புக் கட்டினேன். போன் பார்த்துப் படித்த வித்தை. முதல் பாண் கரியாய் வந்தது. புகையைக் கண்டு வேலியால் எட்டிப் பார்த்தவர்தான் நானா.

"மச்சான், கட்டையை வெளியில இழுங்க. பாண் நெருப்பில வேகிற சாமான் இல்ல, கல்லுச் சூட்டில வேகிறது."

அன்றிலிருந்து கூட்டாளிகளானோம்.

ஈஸ்ட் கிடைக்காத ஒரு நாள், அப்பத்துக்கு விடுவதுபோலப் பனங்கள்ளை விட்டு மாவைக் குழைத்தேன். ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்க்கவில்லை. பாண் பொங்கிக்கொண்டு வந்தது பாருங்கள்! மெல்லிய புளிப்பு, மொறுமொறுத்த தோல். பிறகு ஈஸ்ட் கிடைத்தும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் மனைவி ஒழுங்கை முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்: "மற்றவையின்ர மனுசன்மார் தவறணைக்குப் போனால் தாங்கள் குடிச்சிட்டு வருவினம். என்ர மனுசன் போத்தலோட வந்து மாவுக்கு ஊத்திக் குடுக்கிறார்."

நானா சூடான பாணைக் கையில் எடுப்பார். கவிழ்த்து அடியில் தட்டுவார், காதருகே பிடிப்பார், விரலால் அமுக்குவார், முகர்வார், திரும்ப வைத்துவிடுவார்.

"வாசம் கூப்பிடுது, கள்ளுத் தடுக்குது" என்பார் சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்பு எனக்குள் முள்ளாய்க் குத்தும். கற்றுத் தந்த மனுசன் உண்ண முடியாத பாண் என்ன பாண்?

"ஈஸ்ட் போட்டுச் சுட்டுத் தாறன் நானா."

"அது நான் கண்ணை மூடிக்கொண்டே சுடுவன். எனக்கு இந்தப் புளிப்புப் பாணில்லோ வேணும்!"

சரி, இந்த நோன்பு மாதம் முடிவதற்குள் கள்ளில்லாமல் அதே புளிப்போடு ஒரு பாண் அவர் வீட்டுப் பாயில் இருக்கவேண்டும் என்று மனதில் முடிச்சுப் போட்டேன். சட்டியையும் பலகையையும் புதிதாய் வாங்க வைத்தது மனைவிதான். "பழசில கள்ளு ஊறிப்போய்க் கிடக்கு. அந்த மனுசனை ஏமாத்தக் கூடாது" என்றாள்.

மாவையும் தண்ணீரையும் கரைத்து மூடி வைத்து, தினமும் கொஞ்சம் புது மாவும் தண்ணீரும் சேர்த்தால் தானாகவே புளித்து நுரைக்கும் என்று நானா வழி சொன்னார். எனக்கு நுரைக்கவில்லை. ஒரு கிழமை கழித்தும் சுவருக்குப் பூசும் களிபோல் கிடந்தது. பொறுமை கெட்டு அதைச் சுட்டும் பார்த்தேன். நானா தட்டிப் பார்த்துவிட்டு, "மச்சான், இது மதில் தட்டின சத்தம்" என்றார்.

அந்தக் கவலையோடு ஓலைத்தொடுவாய்க்கு மீன் வாங்கப் போனேன். அங்கே கோயில் பெருநாளுக்கு எண்ணெய்ப் பீப்பா அடுப்பில் பனிஸ் சுடும் ஒரு தங்கச்சியைத் தெரியும். கண்டால் இருவரும் மாவுக் கதைதான் கதைப்போம். என் புலம்பலை எல்லாம் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"என்ன தண்ணி அண்ணை விடுறீங்கள்?"

"எங்கட கிணத்துத் தண்ணிதான்."

"அதை நீங்கள் குடிப்பீங்களோ?"

"சீச்சீ, ஒரே உவர். குளிக்கத்தான்."

"அப்ப நீங்கள் குடியாததை மாவுக்குப் பருக்கலாமோ?"

நெற்றியில் அடித்துக்கொண்டேன். கள்ளு விட்ட காலத்தில் தண்ணீரே தேவைப்படவில்லை. அதனால்தான் கிணற்று உப்பு என் புத்திக்கு எட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் குழாய்த் தண்ணீரில் புதிதாய்க் கரைத்தேன். சில நாளில் ஒரு விடியற்காலை மூடியைத் தள்ளிக்கொண்டு நுரை எட்டிப் பார்த்தது. நான் போட்ட சத்தத்தில் கோழிகள் வேலி தாண்டின.

அன்று மாலையே பாணைத் துணியில் சுற்றிக்கொண்டு நானா வீட்டுக்குப் போனேன். பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி. பிறகு பாணை எடுத்தார். "கள்ளு?" என்று கண்ணால் கேட்டார். "சட்டிகூடப் புதுசு நானா" என்றேன். பழக்கதோசத்தில் கவிழ்த்துத் தட்டிக் காதருகே கொண்டுபோனார்.

"கேட்டது காணும், தின்னுங்க!" என்றார் அவர் மனைவி.

பிட்டார். கஞ்சியில் தோய்த்தார். மென்றார்.

"உப்புக் கொஞ்சம் காணாது மச்சான்" என்றார் வாய் நிறைய. சொல்லி முடிக்குமுன் அவர் கை அடுத்த துண்டில் இருந்தது.

திரும்பி வரும்போது கால் நிலத்தில் படவில்லை. சந்திக் கடைக்காரரிடம், "நானா சாப்பிட்டிட்டார்!" என்று கத்தினேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நோன்பு திறந்தால் மனுசன் சாப்பிடாமல் வேற என்ன செய்யும்?"