மயில் பிடிக் குழாய்

புதுக் குழாய் ஒழுகியது. பிளம்பர் ராஜவேலு அதைக் கழற்றி, பையிலிருந்து ஒரு தோல் துண்டை எடுத்து, வட்டமாக நறுக்கி உள்ளே வைத்துத் திருகினார். ஒழுகல் நின்றது. கிணற்றடியில் பாத்திரம் தேய்த்தபடி குளியலறைக் கதவு வழியே பார்த்துக்கொண்டிருந்த பூமாவின் கையும் நின்றது.

தோல்.

பூமாவின் மாமனார் எம்பார், திருவள்ளூர்க் கோயில் மடைப்பள்ளியில் பெருமாளுக்குத் தளிகை செய்கிறவர். வீட்டில் குளித்து, யார்மேலும் படாமல் ஈர வேட்டியோடு நடந்துபோய்த்தான் அடுப்பைத் தொடுவார். தோல் பட்ட தண்ணீர் அவருக்கு ஆகாது. முன்பெல்லாம் கிணற்றில் தானே இழுத்துக் குளித்தவர். நாலு வருஷத்துக்கு முன் வலது தோள் விழுந்துபோனதிலிருந்து கயிறு பிடிக்க முடியவில்லை. கிணற்றுப் பக்கம் சுவரை ஒட்டி உயரமாக ஒரு தொட்டி. பூமா மடியாக இறைத்து அதை நிரப்புவாள். சுவருக்கு உள்ளே குளியலறையில் அவர் குழாயைத் திறந்து உட்கார்ந்து குளிப்பார்.

அந்தக் குழாய் அவருடைய அப்பா வைத்தது. முழுக்கப் பித்தளை, மயில் உருவத்தில் பிடி. மற்றக் குழாய்களில் ஒழுகாமலிருக்க வைக்கும் தோல் வாசரே உள்ளே கிடையாது. நடுவில் துளையுள்ள ஒரு பித்தளைக் கட்டை; கால் வட்டம் திருப்பினால் துளைக்கு நேராகத் துளை வந்து தண்ணீர் விழும். ஏன் அப்படி ஒரு குழாய் என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. எம்பார் தெருக் குழாயைக் கடக்கும்போதெல்லாம் வேட்டியை ஒதுக்கிக்கொள்வதைப் பார்த்துப் பார்த்துப் பூமா தானாகத் தெரிந்துகொண்டது.

தப்பு அவளிடமிருந்துதான் ஆரம்பித்தது. "குழாய் கெட்டியா இருக்கு, அப்பாவுக்குக் கை வலிக்கிறது" என்று கோடையில் ஒருநாள் புருஷனிடம் சொல்லிவிட்டாள். தேவராஜன் கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கம்பெனி கெஸ்ட் ஹவுஸ் குளியலறை அவன் கண்ணிலேயே நின்றது. குழாய் என்று தொடங்கியது, தரை, சுவர், வெள்ளை டைல்ஸ் என்று வளர்ந்தது. எம்பார் ஒரு கல்யாணத்துக்காக மூன்று நாள் ஆரணி போனார். அவர் திரும்புவதற்குள் முடித்து அசத்திவிட வேண்டும் என்று ஏற்பாடு.

ஐந்து மணி பஸ்ஸில் அவர் வருகிறார். நாளைக் காலை மடைப்பள்ளியில் அவர் முறை. தெரியாமல் இந்தத் தண்ணீரில் குளித்துவிட்டுப் போவார். பிறகு என்றைக்காவது யாராவது வாசர் மாற்றும்போது பார்ப்பார். அதுவரை செய்த தளிகை அத்தனையும் அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு அவர் மடைப்பள்ளிப் படி ஏற மாட்டார். தோலைப் பார்த்தவள் பூமா ஒருத்திதான்.

பழைய குழாய் ராஜவேலுவின் கோணிக்குள் கிடந்தது. "எடைக்குப் போட்டுக்கோங்கோ" என்று தேவராஜன் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தான். ராஜவேலு நாலு மணி வண்டியைப் பிடித்து வேப்பம்பட்டு போக வேண்டும். கோணியின் வாயைக் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் வெளி ஆண்பிள்ளையிடம் பூமா நாலு வார்த்தை சேர்த்துப் பேசியதில்லை. எழுந்து குளியலறைக்கு வந்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் குழாய் வேணும்."

"எந்தக் கொயா மாமி?"

"பழசு. அதையே மாட்டிடுங்கோ."

ராஜவேலு நிமிர்ந்து பார்த்தார். "இன்னா மாமி வெள்ளாட்றியா? ஊட்டுக்காரரு புச்சு போடச் சொன்னாரு. நீ பழச மாட்டச் சொல்ற. நா யாரு பேச்சக் கேக்கறது?"

"புதுசுல... உள்ளே... தோல் இருக்கே."

சொன்ன பிறகுதான், தோலைத் தொட்டு வைத்தவரிடமே அதைக் குற்றமாகச் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. முகம் எரிந்தது. ராஜவேலுவுக்குக் கோபம் வந்ததா, சிரிப்பு வந்ததா, தெரியவில்லை.

"தோலா? ஏம்மா, கோயில்ல மேளம் அடிக்கிறானே, அது இன்னா பித்தளையா?"

"அது காதுல விழறது. இது தலையில விழறது" என்றாள். எங்கிருந்து வந்தது அந்தப் பதில் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் சிரித்துவிட்டார். "பேச மாட்டன்னு பாத்தா, நல்லாத்தாம்மா பேசற. சரி, ரப்பர் வாசர் போட்டா பெரியவருக்கு ஆவுமா?"

"இருக்கா?"

"கைல இல்ல. நாளைக்கு எட்த்தாரன்."

"இன்னிக்கு வந்துடுவார்."

வெயில் கிணற்றைத் தாண்டிவிட்டிருந்தது. ராஜவேலு மணி பார்த்தார், கோணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "பேஜாரு" என்று முனகியபடி முடிச்சை அவிழ்த்தார்.

கட்டையில் பச்சை ஏறியிருந்தது. செங்கல் தூளை நீரில் குழைத்துத் தடவி, கட்டையைக் குழாய்க்குள் செருகி, சுற்றிச் சுற்றித் தேய்த்தார். கழுவித் துடைத்தார். பிறகு ஒரு டப்பாவைத் திறந்தார்.

"அது என்ன?"

"கிரீஸு."

"எதுல பண்றது அது? கொழுப்புலயா?"

ராஜவேலு டப்பாவை மூடிவிட்டார். "யம்மா, ஒன்னோட பெரிய ரோதன. ஊட்ல நல்லெண்ண கீதா?"

பூமா ஓடினாள். கிண்ணத்தில் கொண்டுவந்து அவளே நல்லெண்ணெய் விட்டதும் மயில் வழுக்கிக்கொண்டு திரும்பியது. சணல் சுற்றிச் சுவரில் முறுக்கினார். வெள்ளை டைல்ஸ் நடுவே அது அழுக்காக, வயதானதாக நின்றது. புதுக் குழாயைக் காகிதத்தில் சுற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, போன வண்டியைத் திட்டிக்கொண்டே கிளம்பினார்.

எம்பார் வந்தார். நேரே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பூமா சமையலறையில் பருப்பை வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். சத்தமே இல்லை. குழாய் இறுகிக்கொண்டதா? சணலில் ஏதாவது இருந்திருக்குமோ? பிறகு தண்ணீர் விழுந்தது.

வெளியே வந்தவர், "தரை வழுக்கறதே" என்றார். இரண்டடி நடந்து நின்றார். "கட்டைக்கு எண்ணெய் விட்டது யாரு?"

"அடியேன்... நம்ம ஆத்து நல்லெண்ணெய்தான்."

தலையை ஆட்டிவிட்டுத் திருமண் இட்டுக்கொள்ளப் போனார்.

ஏழு மணிக்குத் தேவராஜன் வந்தான். செருப்பைக் கழற்றியதும் குளியலறையில் எட்டிப் பார்த்தான். "என்ன இது? இந்தக் கிழட்டு மயிலை எதுக்கு மறுபடியும்..."

பூமா காகிதப் பொட்டலத்தை நீட்டினாள். "உள்ளே பாருங்கோ."

திருகிப் பார்த்தான். வட்டமாகத் தோல். கூடத்தில் எம்பார் முதுகு காட்டி உட்கார்ந்து பாசுரம் சொல்லிக்கொண்டிருந்தார். தேவராஜன் அந்த முதுகையே கொஞ்ச நேரம் பார்த்தான். கழற்றியதைச் சத்தமில்லாமல் முடுக்கி, காகிதத்தில் சுற்றி, தன் சாப்பாட்டுப் பையின் அடியில் போட்டுக்கொண்டான்.

"கடையில திருப்பிக் கொடுத்துடறேன்" என்றான், தாழ்ந்த குரலில். "நீ அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லலையே?"

"இல்லை."

குளியலறையில் ஒரு சொட்டு விழுந்தது. பூமா போய் மயிலை இன்னும் கொஞ்சம் திருப்பினாள். நின்றது. திரும்பி வந்தவள், பாதி வழியில் நின்று, மறுபடியும் சொட்டுகிறதா என்று காது கொடுத்தாள்.