உப்பு வண்டிக்கு அடியில் என் வீட்டுக்காரர்

சபையாரே, ஒரு சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறேன். போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், என் வீட்டுக்காரர் எங்கள் லோடு வேனுக்கு அடியில் மாட்டிக்கொண்டார்.

உப்பளத்திலிருந்து துறைமுகத்துக்கு மூட்டை ஏற்றுகிற வண்டி அது. பின்பக்கம் பிரேக் ஆயில் ஒழுகியது. ஒர்க்‌ஷாப்பில் விடச் சொன்னேன். கேட்கிற ஆளா அவர்? என் தம்பி காரில் கிடந்த சின்ன ஜாக்கியை வாங்கிவந்து, வாசல் மணலிலேயே வைத்துத் தூக்கிவிட்டார். பிறகு முட்டுக் கொடுக்க, பழைய வீட்டை இடித்தபோது மிஞ்சிய பவளப்பாறைக் கல் இரண்டை அடுக்கினார். எங்கள் கடற்கரையில் அந்தக் காலத்து வீடெல்லாம் அந்தக் கல்தான். அதனால் அவ்வளவு நம்பிக்கை. உப்புக் காற்றில் அது உள்ளுக்குள்ளே பொரிந்து போயிருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

"அத்தான், மூட்டையவாவது இறக்கிட்டு அடியில போங்க" என்றேன்.

"ஏளா, பயப்படாத. கன்மலை மாதிரி நிக்கும்" என்று சிரித்துக்கொண்டே நுழைந்தார்.

நான் அடுப்படிக்குத் திரும்பினேன். பொருபொருவென்று ஒரு சத்தம். ஓடிவந்து பார்த்தால் ஜாக்கி மணலில் சாய்ந்து கிடக்கிறது. மேல்கல் மாவாகிவிட்டது. வண்டி அவர் நெஞ்சில் இறங்கியிருந்தது. அடியில் இருந்த கல் ஒன்றுதான் இன்னும் வண்டியைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்தும் தூள் கொட்டிக்கொண்டிருந்தது.

அவரால் பேச முடியவில்லை. கண் மட்டும் என்னைப் பார்த்தது. நான் மணலில் விழுந்து, "கர்த்தாவே, அந்தக் கல்லைப் பிடியும், அந்தக் கல்லைப் பிடியும்" என்று கத்தினேன். வேறு ஜெபம் வாயில் வரவில்லை.

தெருவே கூடி, ஆளுக்கொரு பக்கம் வண்டியைத் தூக்கப் போனார்கள். அடுத்த வீட்டு லாரி டிரைவர் அண்ணாச்சி சனிக்கிழமை வீட்டில் இருக்கவே மாட்டார். அன்று துறைமுகத்தில் கப்பல் தாமதம் என்று வீட்டில் இருந்தார். "ஏலே, ஒருத்தனும் தொடாதிய! நழுவுனா ஆளு போயிருவாரு" என்று அதட்டினார். மணலில் தடிப்பலகையைப் போட்டு, தன் லாரி ஜாக்கியை அதன்மேல் வைத்து, மெல்ல மெல்ல ஏற்றினார். என் வீட்டுக்காரரை வெளியே இழுத்தோம். காலையும் இழுத்து முடித்த பிறகுதான் அந்த அடிக்கல் உதிர்ந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

விலா எலும்பு இரண்டு முறிந்தது. உயிர் இருக்கிறது. ஸ்தோத்திரம்.

இப்போது வண்டியின் எடையைவிடக் கூடுதலாகத் தாங்கும் ஜாக்கி வாங்கியிருக்கிறோம். இரும்பு ஸ்டாண்டும் உண்டு. சுமையை இறக்கி, சிமெண்டுத் தரையில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகுதான் தூக்குவோம். ஆனாலும் வண்டிக்கடியில் அவர் கால் மட்டும் தெரிந்தால், அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் வந்து நின்றுகொள்வேன்.

நெருக்கப்படும்போது கூப்பிடுங்கள், கர்த்தர் கேட்கிறார். என் கூப்பாட்டைக் கேட்டார். என் வீட்டுக்காரர் இப்போதெல்லாம் ஜெபிக்காமல் அடியில் போவதில்லை. நானும் ஸ்டாண்டை ஆட்டிப் பார்க்காமல் ஆமென் சொல்வதில்லை.