நல்லமிளகுக்கு அடியில் ஒரு கதை

போன வாரம் மொட்டைமாடியில் நல்லமிளகு காயப் போட்டிருந்தேன். மிளகைத்தான் எங்கள் பக்கத்தில் நல்லமிளகு என்போம். கெட்ட மிளகு என்று ஒன்று உண்டா என்று கேட்காதீர்கள், மிளகாய் வற்றலுக்குக் கோபம் வரும். எங்கள் மாவட்டத்து மழைக்கு நேரம் காலம் கிடையாது என்பதால், வந்தால் உடனே அள்ளிக்கொண்டு ஓட வசதியாகப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். அப்போது பெங்களூரில் இருக்கும் மகள் போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். மீசை முளைக்காத ஒரு தம்பி மூச்சுவிடாமல் பேசுகிறார்: உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர்களின் ரகசியங்களாம். ஒருவர் நின்றுகொண்டேதான் எழுதுவாராம். ஒருவர் கோழி கூவுமுன் எழுந்துவிடுவாராம். இன்னொருவருக்குக் காப்பி இல்லாமல் பேனா ஓடாதாம். கீழே மகள், "அம்மா, ரிட்டையர் ஆயாச்சு. நீயும் எழுதலாமே" என்று எழுதியிருந்தாள்.

காதில் எழுத்தாளர் அறிவுரை, மூக்கில் காய்கிற மிளகின் காட்டம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள், "என்னக்கா, தனியா சிரிக்கிய?" என்று கேட்டேவிட்டாள். அவளிடம் என்னத்தைச் சொல்ல? இந்த இரண்டும் சேர்ந்து ஒரு காலத்தில் எங்கள் ஊரையே ஒரு கலக்குக் கலக்கியிருக்கின்றன. உங்களிடம் சொல்கிறேன், உட்காருங்கள்.

அப்போது நான் கீரிப்பாறை ரப்பர் தோட்டத்து ஆபீஸில் டைப்பிஸ்ட். என் சிநேகிதி ஜெபமலர் அங்கேயே பால் நிறுக்கிற கொட்டகையில் கணக்கு எழுதினாள். பால் என்றால் ரப்பர் பால். அது புளித்தால் வருகிற வாசனை இருக்கிறதே, எந்தச் சோப்புக்கும் போகாது. சாயங்கால பஸ்ஸில் எங்கள் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருக்கும். எங்கள் அழகுக்குப் பயந்துதான் யாரும் உட்காரவில்லை என்று நாங்களே சொல்லிக்கொள்வோம்.

ஜெபமலருக்கு எழுத்தாளர் ஆக வேண்டும். இந்த ஆசையைக் கிளப்பியது எங்கள் ஊர் நூலகத்தில் கிடந்த தடியான ஒரு புத்தகம். அட்டையும் முதல் பக்கங்களும் போய், கரையான் மிச்சம் வைத்ததுதான் இருந்தது. உலகத்து எழுத்தாளர்கள் எப்படி வாழ்ந்தார்கள், எப்படி எழுதினார்கள் என்று ஆளுக்கு ஓர் அத்தியாயம். ஒருவருடைய பெயரும் வாயில் நுழையாது. நாங்கள் அவர்களுக்கு நிற்கிறவர், நடக்கிறவர், காப்பிக்காரர் என்று பெயர் வைத்து, ஏதோ சொந்தத்துப் பெரியப்பாக்கள்போலப் பேசிக்கொள்வோம்.

முதலில் நிற்கிறவரைப் பின்பற்றினோம். எங்கள் பஸ்ஸில் காலையில் எல்லோருமே நின்றுகொண்டுதான் போவோம். வளைவுக்கு வளைவு ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் எழுதிப் பார்த்தாள். ஒரு திருப்பத்தில் பேனா, முன்னால் நின்ற நர்ஸம்மாவின் வெள்ளைச் சேலையில் நீளமாக ஒரு வாக்கியம் எழுதிவிட்டது. பிறகு காப்பிக்காரர். அவள் வீட்டில் கருப்பட்டிக் காப்பி, அதுவும் ஆளுக்கு ஒரு டம்ளர் என்று கணக்கு. கூட ஒன்று கேட்டதற்கு அவள் அம்மா ராசம்மா மாமி, "கத எழுதுகதுக்குக் காப்பி எதுக்கிட்டீ? கதயா குடிக்கும்?" என்று கேட்டாள். பெரிய எழுத்தாளர்கள் யாரும் பதில் சொல்லாமல் விட்டுப்போன கேள்வி அது.

நடக்கிறவர் கதை இன்னும் மோசம். தினமும் மலைப்பாதையில் தனியாக நெடுந்தூரம் நடப்பாராம், அப்போதுதான் கற்பனை ஊறுமாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்களும் தோட்டத்துக்குள் நடந்தோம். எங்கள் ஊரில் இரண்டு பெண்கள் காரணமில்லாமல் நடக்க முடியாது. எதிரே வந்த ஒவ்வொருவரும், "எங்க மக்கா போறிய? ஆருக்கு என்னாச்சு?" என்று நிறுத்தினார்கள். சும்மா நடக்கிறோம் என்றால் நம்பவில்லை. ஒரு அண்ணன் பாதி வழி துணைக்கே வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் கால் முழுக்க அட்டை. கற்பனை ஊறியதோ இல்லையோ, அட்டைகளுக்கு நாக்கில் நன்றாக ஊறியிருந்தது.

இத்தனைக்கும் நடுவில் அவள் நிஜமாகவே ஒரு கதையை எழுதி முடித்துவிட்டாள். "கண் முன்னால் இருக்கிறவரை எழுது" என்று அந்தப் புத்தகத்தில் யாரோ ஒருவர் சொல்லியிருந்தார். ஜெபமலரின் கண் முன்னால் இருந்தவர் ஷீட்டுக்கடை சுயம்பு முதலாளி. ஊரில் வீட்டுக்கு வீடு அடித்துக் காயவைக்கிற ரப்பர் ஷீட்டுகளை எடைபோட்டு வாங்குகிறவர். அய்யாவழிக்காரர், நெற்றியில் எப்போதும் பளிச்சென்று வெள்ளை நாமம். அறுத்த கைக்குச் சுண்ணாம்பு கொடுக்கமாட்டார். செருப்பு தேயும் என்று வழியெல்லாம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, கடை வாசலில் மட்டும் போட்டுக்கொள்கிற மனிதர்.

கதை இதுதான். ஒரு கஞ்ச முதலாளி கல்யாண வீட்டுக்குப் போகிறார். வழியில் ஓடையில் வெள்ளம். செருப்பு நனையக்கூடாதென்று இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார். நடு ஓடையில் வேட்டி அவிழ்கிறது. பிடிக்கக் கை இல்லை. செருப்பு காப்பாற்றப்பட்டது, வேட்டி தண்ணீரோடு போயிற்று. பஸ்ஸில் எனக்கு மட்டும் வாசித்துக் காட்டினாள். சிரித்துச் சிரித்து எனக்கு விலா நொந்துவிட்டது. "கொள்ளாம்ட்டீ" என்றேன்; நன்றாயிருக்கிறது என்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கடைசிப் பக்கம் மட்டும் பிடிக்கவில்லை. அங்கே அவர் கரையில் உட்கார்ந்து, உலகப் பொருளின் நிலையாமையை நினைத்துக் கண்ணீர் விடுகிறார். கிறிஸ்தவ சபையில் பிறந்து வளர்ந்தவள் அல்லவா, முடிவுக்கு வந்ததும் பேனா தானாகவே பிரசங்கத்துக்குள் போய்விட்டது.

இனி செய்ய வேண்டியதும் புத்தகத்திலேயே இருந்தது. எழுதியதை மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டு, ஒரு மாதம் திரும்பிப் பாராதே, பிறகு படித்தால் குறையெல்லாம் தெரியும். நல்ல யோசனைதான். ஆனால் ஜெபமலர் வீட்டில் மேஜையே கிடையாது. தம்பி தங்கைகள் கை படாத மூலையும் கிடையாது. யாரும் தொடாத ஒரே பொருள், கட்டிலுக்கடியில் இருந்த கடவம் என்கிற பெரிய ஓலைக் கூடை. அதில் அந்த வருஷம் முதலில் பறித்த நல்லமிளகைக் காயவைத்து, ராசம்மா மாமி எடுத்து வைத்திருந்தாள். கதையைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி மிளகுக்கு அடியில் புதைத்துவிட்டு, ஒரு மாதம் திரும்பிப் பார்க்கவில்லை. அறிவுரையை அவ்வளவு சுத்தமாக யாரும் பின்பற்றியிருக்க மாட்டார்கள்.

அந்தக் கடவத்தை ஏன் யாரும் தொடவில்லை என்பதைத்தான் அவள் யோசிக்கவில்லை. அது ஸ்தோத்திரப் பண்டிகைக்கு உரியது. எங்கள் சபைகளில் வருஷத்துக்கு ஒருமுறை வரும் நன்றிப் பண்டிகை. அவரவர் உழைப்பின் முதல் பலனைக் கொண்டுவந்து படைப்பார்கள். வாழைக்குலை, பலாப்பழம், முட்டை, கோழி, ரப்பர் ஷீட், எல்லாம் பீடத்துக்கு முன்னால் குவியும். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் ஏலம்.

பண்டிகையன்று காலையில் ஜெபமலர் தலைகூட வாராமல் என் வீட்டுக்கு ஓடிவந்தாள். "ஏட்டி, கடவத்தக் காணும்! அம்மை ராத்திரியே சர்ச்சுக்குக் குடுத்துவிட்டுட்டா!"

கதைக்கு வேறு பிரதி கிடையாது. அது போனால்கூட இன்னொன்று எழுதலாம். ஆனால் சுயம்பு முதலாளி எங்கள் சபைக்காரர் இல்லை என்றாலும் எங்கள் ஏலத்துக்கு ஒரு வருஷம் தவறமாட்டார். ஜெபமலர் வீட்டு ஷீட் முழுக்க அவர் கடைக்குத்தான் போகும். மழைக்காலத்தில் முன்பணம் தருகிறவரும் அவர்தான். அந்தக் காகிதம் அவர் கண்ணில் பட்டு, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

சபைச் செயலர் தாசையன் அண்ணனிடம் கெஞ்சிப் பார்த்தோம். கடவத்தைக் கொட்டும்போதே அவர் காகிதக் கட்டைப் பார்த்துவிட்டிருந்தார். "படைச்சது படைச்சதாக்கும். ஆண்டவருக்குக் குடுத்தத ஆரும் திருப்பி எடுக்கப்பிடாது. வேணும்னா ஏலத்துல எடுங்க" என்று சட்டம் பேசிவிட்டார். மனிதர் எப்போதும் இஸ்திரி போட்ட பேண்ட்டில்தான் இருப்பார். பேச்சும் அப்படித்தான், மடிப்புக் கலையாது.

வாழைக்குலை போயிற்று, கோழி போயிற்று, நல்லமிளகும் போயிற்று. பிறகு தாசையன் அண்ணன் கவரைத் தூக்கிக் காட்டி, "காகிதக் கட்டு ஒண்ணு! ஆரு கேக்கிய?" என்றார். நான் அவசரமாகக் கையைத் தூக்கினேன். அங்கேதான் தப்புப் பண்ணினோம். நான் கேட்டதும் பதற்றத்தில் ஜெபமலரும் என்னை எதிர்த்துக் கேட்டுவிட்டாள். இரண்டு பெண்கள் ஒரு காகிதத்துக்கு இப்படி முட்டிக்கொண்டால், அதில் என்னவோ இருக்கிறது என்று முன்வரிசைக்குத் தோன்றாதா? வருஷம் முழுக்கக் கையை இறுக்குகிற சுயம்பு முதலாளிக்கு ஏலப் பந்தலில் மட்டும் சந்நதம் வந்துவிடும். இன்னொருத்தர் தன்னை மிஞ்சிப் போவதை அவரால் தாங்க முடியாது. எங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்து எட்டாத இடத்துக்கு ஒரே தாவலில் போனார். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!"

முதலாளி கவரைப் பிரித்தார். மடியில், இன்னொரு கவரில் சுற்றி, அவருடைய செருப்பு.

"கண்ணாடி எடுக்கல்ல. என்ன எழுதியிருக்குன்னு வாசி பிள்ளே" என்று பக்கத்தில் நின்ற என்னிடம் நீட்டினார்.

"வீட்டுல வச்சு வாசிக்கலாம் மாமா."

"காசு குடுத்தது நான். இப்பளே வாசி. ஊரும் கேக்கட்டும்."

தாசையன் அண்ணன் மைக்கை என் வாய்க்கு நேரே கொண்டுவந்துவிட்டார். நான் காகிதத்தைப் புரட்டிப் புரட்டி முதல் பக்கத்தைத் தேடினேன். அப்போது ஜெபமலர் என் கையிலிருந்து காகிதத்தை வாங்கினாள். "எனக்க எழுத்து உனக்கு ஓடாது. நானே வாசிக்கேன்" என்றாள். மைக் அதைக் கடைசி வரிசைவரை கொண்டுபோயிற்று. ராசம்மா மாமி வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதல் பத்தியில் குரல் நடுங்கியது. ஓடையில் இறங்கியபோது நடுக்கம் போயிற்று. செருப்பு தலைக்கு மேலே போனதும் பந்தலில் ஒரு மூலையில் கிக்கென்று ஒரு சத்தம். வேட்டி அவிழ்ந்ததும் பந்தலே அவிழ்ந்தது. போதகர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். எல்லோருடைய கண்ணும் முன்வரிசையில் முதலாளி மடியிலிருந்த அந்தக் கவர் மேலேயே இருந்தது. கடைசிப் பக்கத்து நிலையாமையை அவள் வாசித்து முடித்ததும், பழக்க தோஷம், சபை முழுக்க ஒரே குரலில் "ஆமென்" சொன்னது.

சுயம்பு முதலாளி மெதுவாக எழுந்தார். ஜெபமலர் காகிதத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு இது ஆருன்னு தெரியும்" என்றார். "நம்ம தாசையனில்லா இது!"

தாசையன் அண்ணன் மைக்கோடு பதறினார். "மொதலாளி, நான் வேட்டியே உடுக்கதில்லியே! பேண்ட்டுல்லா!"

"அதுதான் சொல்லுகேன். அண்ணைக்கி ஓடையோட போன பொறவுல்லா பேண்ட்டுக்கு மாறினீரு!"

அன்றைக்கு எழுந்த சிரிப்பை நான் பிறகு எங்கேயும் கேட்டதில்லை. முதலாளிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். தன்னைப் பற்றியதென்று நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லையா, தெரிந்துதான் அப்படித் தாண்டினாரா என்று நாங்கள் பல வருஷம் வாதாடியிருக்கிறோம். ஜெபமலர் தெரியாது என்பாள். நான் தெரியும் என்பேன். "அடுத்த கதயும் எனக்குத்தான் மக்கா, வேற ஆருக்கும் குடுத்துராத" என்று சொல்லிவிட்டு, காகிதத்தை வாங்கி மடித்துச் செருப்புக் கவருக்குள்ளேயே வைத்துக்கொண்டு போனார். ஜெபமலர் வீட்டு ஷீட் அதற்கப்புறமும் அவர் கடைக்குத்தான் போயிற்று. எடையில் மட்டும் அவர் ஒரு குன்றிமணிகூட விட்டுக்கொடுக்கவில்லை.

கதையைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் தாசையன் அண்ணனுக்கு நடந்த கதையாகவே முதலாளி சொன்னார். ஷீட் கொண்டுவந்தவர்கள் தங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். ஜெபமலர் பிறகும் சில கதைகள் எழுதினாள், ஒன்றிரண்டு அச்சிலும் வந்தன. அவற்றை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். கடையை இடித்து மொபைல் கடை வந்துவிட்டது. அந்தக் காகிதம் எந்தப் பழைய பேப்பர்க்காரனிடம் போனதோ தெரியாது.

போன மாசம் நாகர்கோவிலில் ஒரு கல்யாண மண்டபத்துப் பந்தியில் நானும் ஜெபமலரும் சேர்ந்து உட்கார்ந்திருந்தோம். பக்கத்து இலையில் துபாயிலிருந்து லீவுக்கு வந்த ஒரு பையன். "ஆன்ட்டி, எங்க குலசேகரத்துல நெஜமா நடந்த ஒண்ணு சொல்லட்டா?" என்று ஆரம்பித்தான். ஒரு கஞ்சன், ஓடை, செருப்பு, வேட்டி. நான் ஜெபமலரின் கையைக் கிள்ளி, "சொல்லுட்டீ, நீ எழுதினதுன்னு சொல்லு" என்றேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். "பொறவு என்னாச்சு மக்கா?"

"பொறவென்ன ஆன்ட்டி, அந்த வேட்டி அவருக்கு முன்னாலயே கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டு. பந்தி வாசல்ல கை தொடைக்கப் போட்டிருந்தாங்க. அவரு செருப்போட வந்து நிண்ணு, கை தொடச்சவன்லாம் வரிசையா வந்து தொவச்சிக் குடுங்கன்னாரு!"

கரையும் இல்லை, கண்ணீரும் இல்லை, நிலையாமையும் இல்லை. அவள் எழுதியதில் ஒரு வரிகூட மிச்சமில்லாமல் போயிருந்தது. நான் அவனைத் திருத்த வாயெடுத்தேன். ஜெபமலரோ கண்ணில் நீர் வரச் சிரித்து, பாயசம் சேலையில் சிந்தியதைக்கூடத் துடைக்காமல் என் காதருகே குனிந்தாள்.

"நான் வச்ச முடிவவிட இது கொள்ளாம்ட்டீ."