பெத்துப் போட்ட ஊரும் பொறந்த ஊரும்

என் அம்மா பிறக்கவே இல்லை என்று தாலுகா அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

சொன்னவர் பதிவறை எழுத்தர். மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கக் காம்பு உடைந்துபோய், நூல் கட்டிக் காதில் மாட்டியிருந்தார். மூன்று வருடப் பிறப்புப் பதிவேடுகளைப் புரட்டி, தும்மி, மறுபடி புரட்டிவிட்டு, "இந்த ஊர்ல உங்கம்மா பொறந்ததா ஒரு வரிகூட இல்லீங்க டீச்சர்" என்றார்.

"அப்ப என்னைப் பெத்தது யாருங்க?" என்றேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும்.

"அதுக்கு வேற ரெஜிஸ்டரு பாக்கணும்" என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

பள்ளிக்கூடத்தில் நான் வரலாறு நடத்துகிறேன். எந்த ராஜா எந்தப் போரில் தோற்றான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பெற்ற தாய் எங்கே பிறந்தாள் என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தைக் கோபமாக மாற்றிக்கொண்டு வெளியே வந்தேன், அது எனக்குப் பழக்கம்.

விஷயம் என்னவென்றால், என் தங்கை அமெரிக்காவில் இருந்தாள். கம்ப்யூட்டர் படித்து, கம்ப்யூட்டர்காரனையே கட்டிக்கொண்டு போனவள். அந்த வருடங்களில் எங்கள் கிராமத்துக்குப் பக்கத்து டவுனான மன்னார்குடியில் எங்கே கல்லை விட்டெறிந்தாலும் ஏதாவது ஒரு டிராவல்ஸ் போர்டின் மேல்தான் விழும். ஒரு வீட்டில் துபாய், பக்கத்து வீட்டில் சிங்கப்பூர். எங்கள் வீட்டில் அமெரிக்கா என்று அம்மாவுக்கு ஏகப் பெருமை. அந்தப் பெருமையெல்லாம் தங்கை முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிகிற வரைக்கும்தான்.

முன்னாலேயே இரண்டு தரம் கலைந்துவிட்டது. இது மூன்றாவது. ஐந்து மாதம் தாங்கிவிட்டது. டாக்டர் விமானம் ஏறக் கூடாது, மாடிப்படிகூட ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டாளாம். மாப்பிள்ளை காலையில் வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். போனில் தங்கை அழவில்லை. "நான் பாத்துக்குவேன்க்கா" என்றாள். அப்படி அவள் சொன்னால் பயந்து செத்துக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்கு வர வேண்டும். வர முடியவில்லை.

"அவளால வர முடியலன்னா நான் போறேன்" என்றாள் அம்மா. அப்பா போய்ச் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அம்மா அதுவரை திருச்சியைத் தாண்டியதில்லை. "என்னமோ மலைக்கிறியே, பிளேன்ல உக்காந்தா அவங்களே கொண்டுபோய் எறக்கிவிட்டுட மாட்டாங்களா?"

பாஸ்போர்ட் விண்ணப்பத்தை டிராவல்ஸ்காரர் நிரப்பினார். "பொறந்த ஊரும்மா?" என்று கேட்டார். அம்மா கொஞ்சமும் யோசிக்காமல் தன் அப்பா ஊரைச் சொன்னாள். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், தலையை ஆட்டிக்கொண்டு. அதோடு அம்மாவின் ஐந்தாம் வகுப்புச் சான்றிதழையும் இணைத்தோம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் படிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. விண்ணப்பத்தில் பிறந்த இடம் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் இன்னொன்று, ஆகவே பிறப்புச் சான்றிதழ் தேவை. எடுத்துப் பார்த்தால், சான்றிதழில் அம்மாவின் தாய்மாமன் ஊர் இருந்தது. அதை எழுதிக் கொடுத்துவிட்டு எப்போதோ செத்துப்போன தலைமையாசிரியரை நான் நன்றாகத் திட்டினேன். பொடி போட்டுக்கொண்டு தூக்கக் கலக்கத்தில் எழுதியிருப்பார் என்றேன். தாத்தா ஊர்ப் பதிவேட்டைத் தேடித்தான் தாலுகா அலுவலகம் போனேன். அங்கேதான் அம்மா பிறக்கவில்லை என்று தெரிந்தது.

மறுநாளும் போனேன். எழுத்தர் என்னைக் கண்டதும் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "ராத்திரி யோசிச்சேன் டீச்சர். உங்கம்மா தலைச்சனாங்க?"

"ஆமா. மூத்தவங்க."

"அப்ப இங்க ஏன் தேடுறீங்க? தலைச்சனை யாருங்க புருஷன் வீட்ல பெத்துக்குவா? உங்க அம்மாவோட அம்மா எந்த ஊருப் பொண்ணோ, அந்த ஊரு ரெஜிஸ்டரைப் பாருங்க."

அட மக்கு, மக்கு என்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். தங்கைக்கு எந்த வழக்கத்தைச் சொல்லி இவ்வளவு அல்லாடுகிறோமோ, அதே வழக்கம்தானே அம்மாவைப் பெற்றவளுக்கும்? நேரே அம்மா இருந்த எங்கள் கிராமத்துக்குப் பஸ் ஏறினேன். அம்மா முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நீ மாமன் ஊர்லயா பொறந்தே?"

"ஆமா. அங்கதான் பெத்துப் போட்டாங்க. அதுக்கென்ன இப்ப?"

"அன்னைக்குக் கேட்டப்ப தாத்தா ஊரைச் சொன்னியே!"

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "நீங்க கேட்டது பொறந்த ஊரு. எங்க பெத்துப் போட்டாங்கன்னா கேட்டீங்க? கட்டிக்கிட்டு வந்தவளுக்குப் பொறந்த ஊருன்னா அப்பன் ஊருதான்டி. இதுகூடத் தெரியாம என்னத்தப் பாடம் நடத்துற?"

அவள் சொன்னதில் தப்பு இல்லை. பிறந்த வீடு, புகுந்த வீடு என்று பேசுகிறோமே, அதில் பிரசவம் எங்கே நடந்தது என்று யார் பார்க்கிறார்கள்? நானே சொல்வதில்லையா, பொறந்த வீட்டுக்குப் போய்ட்டு வரேன் என்று? நான் பிறந்தது மன்னார்குடி பெரியாஸ்பத்திரியில். அங்கே ஊசி போடக்கூட இரண்டாம் தரம் போனதில்லை.

"சரி, மாமன் ஊர்லதான் பொறந்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும்" என்றேன்.

"செத்தாலும் போட மாட்டேன்."

இது வேறு வந்து சேர்ந்தது. அம்மா கல்யாணத்தில் தாய்மாமன் சீர்த்தட்டில் பட்டு வைக்கவில்லை, நூல்புடவை வைத்தாராம். சபையில் மூக்கறுபட்ட மாதிரி ஆகிவிட்டதாம். அன்று சொன்னாளாம், அந்த ஊர்த் தண்ணிகூட என் தொண்டையில் இறங்காது என்று. மாமனும் போய், மாமியும் போய், அந்த வீட்டை விற்றுவிட்டு அவர்கள் பிள்ளைகள் திருப்பூரில் போய்க் குடியேறியும் ஆகிவிட்டது. அம்மா சொன்ன சொல் மட்டும் அப்படியே நின்றது.

"அங்க ஒருத்தி வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு கட்டில்ல கெடக்கிறா. உனக்கு நூல்புடவையா முக்கியம்?" என்று கத்தினேன்.

"நீ சும்மா கத்தாத. வேற ஏதாவது ஊரை எழுதச் சொல்லு."

வேறு ஊராம்! கடையில் மாற்றிக்கொள்கிற சாமானா இது? கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனேன். பஸ்ஸில் ஏறியதும் அழுகை வந்தது. அவள் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம். தங்கைக்கு ஏழாம் மாதம் தொடங்கிவிட்டது. இந்த முறையும் ஏதாவது ஆகி, அந்த நேரத்தில் அவள் தனியாகக் கிடந்தால் என்ற நினைப்பை என்னால் தள்ளவே முடியவில்லை.

மாமன் ஊர் வேறு தாலுகா. அங்கே பதிவேடுகளைக் கரையான் பாதி தின்று வைத்திருந்தது. அம்மா பிறந்த வருடத்தை மட்டும், என்ன புண்ணியமோ, விட்டிருந்தது. அந்தக் காலத்தில் ஊர்ப் பிறப்பு இறப்புக் கணக்கு எழுதிய மணியக்காரர் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் வாலைச் சுருட்டிக்கொண்டு நின்றது. தை மாதத்தில் ஒரு வரி. குழந்தையின் பெயர்க் கட்டம் காலி. பெண். தகப்பன் பெயர், என் தாத்தாவுடையது. தகவல் தந்தவர் என்ற கட்டத்தில் ஒரு பெயர், அதற்குக் கீழே "குழந்தையின் தாய்மாமன்".

ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போய் அம்மா மடியில் போட்டேன். அவள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். விரலை வைத்துக்கொண்டே வந்தவள், கடைசிக் கட்டத்தில் நிறுத்தினாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள்.

"அந்த எடுபட்டவனா போயி எழுதி வச்சான்?"

"அவர்தான். அவர் போகலன்னா உனக்கு இந்தப் பேப்பரே கெடையாது."

"மணியக்காரர் வீடு ஆத்துக்கு அந்தக் கரை" என்றாள். "தை மாசத்துல அறுப்பு அறுப்பா கெடக்கும். அறுப்ப வுட்டுட்டா போனான்?" மூக்கை முந்தானையில் துடைத்தாள். "பேர் எழுதாம வுட்டிருக்கான் பாரு. அதுலயும் அரைகுறை." பிறகு, "பேனா எங்கடி?" என்றாள்.

பெயர் சேர்க்க ஒரு மனு, தாசில்தார் கையெழுத்துக்கு நான்கு நடை. பாஸ்போர்ட் வந்தது, விசா வந்தது. கைப்பையில் ஓமமும் சுக்கும் பெருங்காயமும் அடைத்துக்கொண்டு, தங்கைக்கு ஒன்பதாம் மாதம் பிறந்து மூன்றாம் நாள் அம்மா போய் இறங்கினாள். அதிலிருந்து பதினோராம் நாள் குழந்தை பிறந்தது. பெண். தாயும் சேயும் நலம் என்று கேட்டதும் நான் போனை வைத்துவிட்டுக் கூடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கை பேசினாள். பேச்சுவாக்கில், ஆஸ்பத்திரிப் படிவம் ஒன்று நிரப்பியதாகச் சொன்னாள். அதில் குழந்தையுடைய தாயின் பிறந்த ஊர் என்று ஒரு கட்டம் இருந்ததாம். எழுதிக் கொடுத்தாயிற்றாம்.

"என்னன்னு எழுதினே?"

எங்கள் கிராமத்தின் பெயரைச் சொன்னாள், அப்பா வீடு இருக்கிற ஊர்.

"அடிப்பாவி! உன் பாஸ்போர்ட்ல மன்னார்குடின்னு இருக்குடி! நீ பொறந்தது பெரியாஸ்பத்திரி! நான் நாயா அலைஞ்சதெல்லாம் உனக்கு வெளையாட்டா இருக்கா? நாளைக்கு இந்தக் குழந்தை யார் கால்ல போய் விழும்?"

"அம்மாதான்க்கா சொன்னாங்க" என்றாள். போன் கை மாறியது.

"எதுக்கு அவளப் போட்டுக் காய்ச்சற? நான்தான் எழுதச் சொன்னேன்."

"அம்மா, அவ பொறந்தது..."

"எங்கன்னு எனக்குத் தெரியாதா? வலிச்சது எனக்குத்தானேடி?" பின்னால் குழந்தை சிணுங்கியது. அம்மா அதைத் தட்டிக் கொடுக்கிற சத்தம் கேட்டது. "நாளைக்கு இது வளந்து, எங்கம்மா பொறந்த ஊரப் பாக்கணும்னு பேப்பரத் தூக்கிக்கிட்டு வரும். வந்து ஆஸ்பத்திரி வாசல்லயா நிக்கணும்? நம்ம வீட்டுக்கு வரட்டும்."