ஆறாவது வேட்டு

எங்கள் சித்தப்பாவிடம் பேசி ஜெயித்தவர் கிடையாது. மல்லாங்கிணறில் அவருடைய மானாவாரிக் காட்டில் கிணற்றை ஆழப்படுத்தியபோது, பாறையில் பச்சைக் கறை படிந்த ஒரு கீற்று தெரிந்தது. உடைத்தால் உள்ளே மஞ்சளாக மின்னியது. நான் அப்போது மதுரையில் ஜியாலஜி படித்து முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த பெண்.

"தங்கம்தானே, தாயி?" என்றார்.

"செம்பும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கல்லு, சித்தப்பா. பூமிக்கு அடியில கொதிச்ச தண்ணி பாறை வெடிப்பு வழியா ஏறி வந்து இதையெல்லாம் இறக்கி வச்சிருக்கு. காத்தும் ஈரமும் பட்ட செம்புதான் பச்சையா பூத்திருக்கு. துளி தங்கம், வெள்ளி கலந்து வாறதும் உண்டு. ஆனா கண்ணுக்குத் தெரியாது."

இவ்வளவு சொன்னதில் தங்கம் ஒன்றைத்தான் அவர் எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கு வெடிக்காரர் ஆறு குழி போட்டு, வெடிமருந்து கெட்டித்து, திரி வைத்தார். வெடிக்க வெடிக்க உரக்க எண்ணுவது அவர்கள் வழக்கம். கணக்குச் சரியாக இருந்தால்தான் ஆள் இறங்கலாம். ஆறு சத்தம் கேட்டது. புகை அடங்கியதும் வேலையாட்கள் வேப்பமரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தார்கள். அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா கடப்பாரையோடு இரும்பு ஏணியில் இறங்கிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் மேற்கே டம் என்று ஒரு சத்தம். பட்டாசுக் கம்பெனியில் சாம்பிள் வெடித்துப் பார்க்கிறார்கள். எங்கள் பக்கம் அந்தச் சத்தத்துக்கு யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வெடிக்காரர் மட்டும் பிசைந்த சோற்றோடு எழுந்து நின்றார்.

"நான் எண்ணுன ஆறுல ஒண்ணு அந்தக் கம்பெனிச் சத்தமா இருக்குமோ?"

நான் கிணற்று விளிம்புக்கு ஓடினேன். பாறையில் வெடிப்பு ஓடுகிற இடத்தில் துளை போடச் சுளுவாக இருக்கும் என்று கீற்றை ஒட்டியே ஒரு குழி போட்டிருந்தார்கள். சித்தப்பாவின் கடப்பாரை அங்கேதான் ணங் ணங்கென்று விழுந்துகொண்டிருந்தது.

"சித்தப்பா, ஒரு குழி வெடிக்கல போல. மேல வாங்க."

"ஆறும் வெடிச்சாச்சு. எனக்கென்ன காது செவிடா? எல்லாருமாச் சேர்ந்து பங்கு கேக்கப் பாக்கீகளா?"

மறுபடியும் ணங். இந்த மனுசனைக் கொன்றுவிடலாம் என்று கோபம் வந்தது. செத்துவிடுவாரே என்று பயமாகவும் இருந்தது. மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்று பாடம் நடத்த அது நேரமில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன்.

"நீங்க சொன்னதுதான் சரி. அசல் தங்கம் மேல, முன்ன அள்ளிப் போட்ட கல்லுக் குவியல்ல கெடக்கு. வெடிக்காரர் கண்ணுல படுறதுக்குள்ள வாங்க."

கடப்பாரைச் சத்தம் நின்றது. ஏணி கிறீச்சிட ஆரம்பித்தது. அவர் தலை தெரிந்ததும் தோளைப் பிடித்து மேலே இழுத்தேன்.

மேலே வந்தவர் நேராகக் குவியலுக்குப் போய்க் கல்லைப் புரட்டத் தொடங்கினார். வெகுநேரம் பொறுத்து வெடிக்காரர் மட்டும் இறங்கினார். வெடிக்காத குழிக்கு ஒரு சாண் தள்ளிக் கடப்பாரை குத்தி நின்றதாம். இரண்டையும் அவர் தொடவில்லை. பக்கத்தில் இன்னொரு வேட்டு வைத்து, திரியைக் கொளுத்திவிட்டு ஏறி வந்தார்.

கால் பதித்திருந்த தரை அதிர்ந்தது. சித்தப்பா கையிலிருந்த கல்லோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு கடப்பாரையை மேலே கொண்டுவந்து அவர் முன்னால் போட்டார்கள். வளைந்திருந்தது. வளைந்த இடத்தைக் கையால் தடவிக்கொண்டே இருந்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"அப்ப குவியல்ல உள்ளதும் தங்கமில்லையா, தாயி?"

"இல்ல, சித்தப்பா" என்று சொல்லும்போதுதான் எனக்கு அழுகை வந்தது.